சலவையறைச் சாவி

சிவகலாவுக்கு அந்த வீடு சும்மா கிடைக்கவில்லை. சுவிஸ் நாட்டுப் பீல் நகரத்தில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த நம்மவர்களுக்கு அந்தக் கதை தெரியும். தொலைபேசியில் இருக்கிற வீடு, பெயரைச் சொன்னதும் இல்லாமல் போய்விடும். "நேற்றுத்தான் வேறு ஆளுக்குக் கொடுத்தோமாம்" என்று மகள் யாதவி மொழிபெயர்த்துச் சொல்லிச் சொல்லிக் களைத்து, கடைசியில் மொழிபெயர்ப்பதையே விட்டுவிட்டாள். தாய்க்கு அவள் முகத்தைப் பார்த்தாலே போதும் என்றாகிவிட்டது. உணவகம் ஒன்றின் மேல்மாடியில், எண்ணெய்ப் புகை மணக்கும் இரண்டு அறைகளில் பல வருடங்களைத் தள்ளிய பிறகு, 2003ஆம் ஆண்டு மார்கழியில் ஒருவழியாக ஒரு வீடு அகப்பட்டது. மூன்றாம் மாடி, மூன்று அறை, ஒரு பால்கனி. கீழே நிலவறையில் எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு சலவையறை.

வீடு தேடிய காலத்தில் சிவகலா பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். ஐந்து பிராங் நாணயம் ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்து சாமிப் படத்தோடு கட்டித் தொங்கவிட்டாள். கடையில் வாங்கிய மஞ்சள் துணி அல்ல, வெள்ளைத் துணியைக் கெட்டியாகக் குழைத்த மஞ்சளில் அவளே தோய்த்து எடுத்தது. கணவன் யேசுதாசன் மாதா கோயிலுக்குப் போகிறவன். காதலித்துக் கலியாணம் கட்டிய நாளிலிருந்து இருவரின் சாமிகளும் ஒரே அலமாரியில் சண்டை சச்சரவு இல்லாமல்தான் குடியிருந்தார்கள். ஆனாலும் அவன் வாய் சும்மா இராது.

"உன்ர பிள்ளையாருக்கு அஞ்சு பிராங் வேணும். என்ர அந்தோனியார் எண்டால் ஒரு மெழுகுதிரியோட அலுவலை முடிச்சிருப்பார்," என்பான்.

"அதுதான் இவ்வளவு காலமும் எண்ணெய்ப் புகைக்குள்ள இருந்தனாங்கள்," என்பாள் அவள்.

சிவகலா லேசுப்பட்ட ஆள் இல்லை. கடிகாரத் தொழிற்சாலையில் முள் பொருத்துகிற வேலை அவளுக்கு. அவள் கை பட்ட கடிகாரம் கோணல் என்று திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. அதை அவள் மறைத்ததும் இல்லை. அகதி என்று யாரும் தன்னைப் பரிதாபமாகப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏசினால்கூடப் பொறுத்துக்கொள்வாள், பரிதாபத்தைப் பொறுக்கமாட்டாள்.

இந்த நாட்டு மாடி வீடுகளை ஆள்வது வீட்டுச் சொந்தக்காரன் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். ஆள்வது சலவையறைச் சாவி. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் வாரத்தில் ஒரு நாள். தோய்த்து முடிந்ததும் இயந்திரத்தைத் துடைத்து, பஞ்சை எடுத்து, நிலத்தைக் கழுவி, சாவியை அடுத்த வீட்டுக் கதவில் கொழுவிவிட வேண்டும். சாவி உன் கதவுக்கு வருகிறது என்றால் நீ அந்த வீட்டு ஆள். வராவிட்டால் நீ வாடகை கொடுத்துவிட்டுத் தங்கிப்போகிற ஆள், அவ்வளவுதான். சிவகலாவின் முறை புதன்கிழமை. வியாழக்கிழமை கீழ்வீட்டு நீடெக்கர் அம்மாவின் முறை. இந்த நாட்டுக்காரர், தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கணவரை இழந்தவர், அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் மூத்த குடி, சலவையறையின் மாற்றுச் சாவியும் அவரிடம்தான். சலவையறையில் ஒரு நூல் கிடந்தாலும் அது யாருடைய நூல் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

2004 தைப் பொங்கல் வியாழக்கிழமை வந்தது. முதல் நாள் புதன், சிவகலாவின் முறை. நேர்த்திக் காசைக் கோயிலில் சேர்த்தாகிவிட்டது, முடிந்திருந்த துணி மட்டும் மிச்சம். அதைக் குப்பைப் பையில் போட அவளுக்கு மனம் வரவில்லை. கழுவி எடுத்தால் விளக்குத் துடைக்கலாம் என்று கறுப்பு உடுப்புகளோடு சேர்த்துப் போட்டாள். வேலை முடிந்து வந்த அவசரம், மறுநாள் பொங்கல், வீட்டில் ஆயிரம் அலுவல். உடுப்புகளை அள்ளிக்கொண்டு, நிலத்தைக் கண்ணாடிபோலத் துடைத்து, சாவியை நீடெக்கர் அம்மாவின் கதவில் கொழுவிவிட்டு ஏறி வந்தாள். நேர்த்தித் துணி இயந்திரக் கதவின் ரப்பர் மடிப்புக்குள் ஒட்டிக்கொண்டு கீழேயே இருந்துவிட்டது.

பொங்கலன்று பின்னேரம் கதவு தட்டப்பட்டது. யாதவி போய்த் திறந்தாள். பதின்மூன்று வயது, புதுச் சட்டை போட்டிருந்தாள். அதன் கீழ்மூலையில் வழக்கம்போலத் தாய் தொட்டுவைத்த மஞ்சள் பொட்டு. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கேட்கிறார்கள் என்று அதற்காகக் காலையில் ஒரு பாட்டம் அழுதும் இருந்தாள். வாசலில் நீடெக்கர் அம்மா. இரண்டு விரலால் எதையோ செத்த எலிபோலத் தூக்கிப் பிடித்திருந்தார். மறுகையில் ஒரு கூடை. கூடைக்குள் பெரிய மேசைவிரிப்பு ஒன்று, நல்ல மஞ்சளாக.

"அம்மா," என்று யாதவி தமிழில் குசுகுசுத்தாள். "அது எங்கட இல்லை எண்டு சொல்லட்டோ?"

சிவகலா வாசலுக்கு வந்தாள். கட்டடத்தில் இன்னும் நாலு குடித்தனம் இருந்தது. ஒரு வார்த்தை போதும், தப்பிவிடலாம்.

"என்ர துணி எண்டு சொல்லு," என்றாள். "அம்மா விட்ட பிழை எண்டு சொல்லு."

யாதவி சொன்னாள். நீடெக்கர் அம்மா கூடையை வாசலில் வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். கத்தவில்லை, அதுதான் பயங்கரமாக இருந்தது. அவருடைய மாமியார் தைத்த வெள்ளை விரிப்பு அது. அந்தக் குடும்பத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஞானஸ்நானத்தன்று அதை விரித்துத்தான் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை பேரனுக்கு ஞானஸ்நானம். மஞ்சளைக் கண்டதும் அவர் இன்னும் கொஞ்சம் சலவைத் தூளை அள்ளிக் கொட்டி மறுபடி சுழலவிட்டிருக்கிறார். விரிப்பு இயந்திரத்துக்குள் செக்கச் சிவந்துவிட்டது. அவர் போட்ட சத்தத்தில் இரண்டாம் மாடியிலிருந்து ஆள் இறங்கி வந்ததாம். கறிச்சட்டி கவிழ்த்த நம்மில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள், மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும், அலசினால் பழையபடி மஞ்சளாகும் என்று. தபாற்கந்தோரில் அதை யார் சொல்லிக்கொடுப்பது?

கடைசியாக அவர் சொன்னதை யாதவி உடனே மொழிபெயர்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தாள்.

"என்னவாம், பிள்ளை?"

"இனி எங்களுக்குச் சாவி இல்லையாம். வெளியில காசு போட்டுத் தோய்க்கிற இடம் இருக்குதாம், அங்க போகட்டாம். நிர்வாகத்துக்கு எழுதப் போறாவாம்."

நீடெக்கர் அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப்போனார். சாப்பிடாத பொங்கல் மேசையில் ஆறிக்கிடந்தது.

வேலையால் வந்த யேசுதாசன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான். பிறகு அவனுக்கு முகம் தெளிந்தது. இந்த நாட்டில் அடுத்தவன் பொருளை உடைத்தாலும் கெடுத்தாலும் கட்டுவதற்கென்றே காப்புறுதி இருக்கிறது, அவர்களும் எடுத்து வைத்திருந்தார்கள்.

"நாளைக்கே அறிவிப்பம், அவை கட்டுவினம். எல்லாரும் செய்யிறதுதானே," என்றான்.

"கட்டினால் அந்த விரிப்பு வெளுக்குமோ?"

"அது வெளுக்காது, கலா. ஆனால் பிரச்சினை முடியும்."

"உங்களுக்கு முடியும். அந்த மனுசி படியில என்னைக் காணேக்கை எல்லாம், ஊத்தைத் துணி போட்டவள் போறாள் எண்டு நினைக்கும். யாதவியையும் அப்பிடித்தான் பார்க்கும். என்ர கையால பழுதானதை என்ர கையால திருத்திக் குடுக்கிறன். காப்புறுதி கடைசியில பார்ப்பம்."

மஞ்சளைத் திருத்துவது பெரிய வித்தை இல்லை. ஈரத்துணியை நல்ல வெயிலில் காயப்போட்டால் தானாகப் போய்விடும். ஆனால் வெயிலுக்கு எங்கே போவது? பீல் ஏரிக்கரையில் கார்த்திகைக்குப் பிறகு மூடுபனி குந்திவிட்டால் கிழமைக்கணக்கில் எழும்பாது. பகலிலும் விளக்கு. சூரியன் எந்தப் பக்கம் என்றே மறந்துபோகும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, தொழிற்சாலைத் தேநீர் நேரத்தில் அவளுக்கு விடை கிடைத்தது. மேசைக்கு எதிரே இருந்த சுவிஸ்காரிக்கு மூக்கும் கன்னமும் வெயில் சுட்டுச் சிவந்திருந்தது. வீடு மலையில், மக்லிங்கனில். கீழே மூடுபனி என்றால் மேலே நீலவானம் என்று அவள் பெருமை பேசாத நாளில்லை. சிவகலா பல வருடம் கேட்டும் கேளாமல் விட்ட கதை அது. குளிர் நாட்டில் இன்னும் குளிரான இடத்துக்கு யார் ஏறிப்போவார்கள்?

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக யாதவியையும் கூட்டிக்கொள்ளாமல் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். நீடெக்கர் அம்மா திறந்தார். சிவகலா எட்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த ஜெர்மன் சொற்கள் எல்லாம் அந்த நேரம் பார்த்து ஓடி ஒளிந்துகொண்டன. அகப்பட்டதைப் பிடித்துச் சொன்னாள்.

"நாளைக்கு. மேலே. மலை. வெயில். மஞ்சள் போகும். நான் செய்வேன்."

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். நம்பிக்கை என்று சொல்ல அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் கடையில் விற்கிற எல்லா மருந்தையும் அதற்குள் அந்த விரிப்பில் ஊற்றிப் பார்த்துவிட்டிருக்க வேண்டும், கை முழுக்க அந்த மணம்.

"என் துணி போகிற இடத்துக்கு நானும் வருவேன்," என்றார்.

சனிக்கிழமை காலை மக்லிங்கன் போகும் மலை ரயிலில் ஏறிய கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சறுக்கு வண்டியோடு சின்னப் பிள்ளைகள், ஊன்றுகோலோடு மலை நடப்பவர்கள், அவர்களுக்கு நடுவில் ஈர விரிப்புக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு யேசுதாசன். பக்கத்தில் தொப்பியும் கைப்பையும் தேநீர்ப் பிளாஸ்க்குமாக நீடெக்கர் அம்மா, நேர் எதிரே சிவகலா. யாதவி யாரோ வேற்று வீட்டுப் பிள்ளைபோல யன்னலோரம் ஒதுங்கி நின்றாள். வெளியே சாம்பல் நிறத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மேலேயும் இப்படித்தான் இருந்தால் என்ன செய்வது என்று சிவகலா யன்னல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

பாதி வழியில் பெட்டிக்குள் திடீரென்று வெளிச்சம் விழுந்தது. எல்லாரும் கண்ணைச் சுருக்கினார்கள். மரங்கள், பனி, அதற்கு மேலே துடைத்துவிட்டதுபோல நீலவானம். திரும்பிப் பார்த்தால் பீலும் ஏரியும் போன இடம் தெரியவில்லை, காய்ச்சிய பாலில் ஆடை படிந்ததுபோலக் கீழே மூடிக்கிடந்தது.

"இஞ்சேருங்கோ, இவ்வளவு நாளும் வெயில் எங்கட தலைக்கு மேலதான் இருந்திருக்கு," என்றாள் சிவகலா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளிச்சத்தால் என்று சொல்லிக்கொண்டாள்.

நிலையத்துக்கு அப்பால் ஒரு சரிவில் உட்காருவதற்கு மர வாங்கு ஒன்று கிடந்தது. அதற்கு முன்னால் பனி கட்டிபட்டுச் சமமாக இருந்தது. அங்கே விரிப்பை விரித்தார்கள். காற்று தூக்கப் பார்த்தது. நாலு மூலைக்கும் நாலு பாரம் தேடினார்கள். ஒன்றுக்கு நீடெக்கர் அம்மாவின் கைப்பை, ஒன்றுக்குப் பிளாஸ்க், ஒன்றுக்குத் தண்ணீர்ப் போத்தல். நாலாவது மூலைக்கு ஒன்றும் அகப்படாமல் யேசுதாசன் தன் ஒரு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலைப் பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டு வாங்கில் குந்தினான்.

"இனி ஊர்ச்சனம் எல்லாம் வந்து என்ர காலைப் பார்க்கட்டும்," என்றான்.

துணி காயக் காயச் சிவகலா தண்ணீர் தெளித்தாள். மேலே சூரியன், கீழே பனியின் வெளிச்சம், இரண்டுக்கும் நடுவில் மஞ்சள் என்ன பாடுபட்டிருக்கும்! மத்தியானத்துக்குள் தேசிப்பழத்தின் வெளிர்மஞ்சளுக்கு இறங்கியது. நீடெக்கர் அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். பிளாஸ்க்கைத் தூக்கி எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அதை எடுத்த இடத்திலேயே அச்சாக வைத்தார். பிறகு காவல் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார். கிட்ட வந்த நாயை ஜெர்மனில் துரத்தினார், சறுக்கி வந்த பிள்ளைகளைப் பிரெஞ்சில் ஏசினார்.

அந்த வழியால் நடந்து வந்த ஒரு தம்பதி நின்று, இது என்ன வேடிக்கை என்று கேட்டார்கள். யாதவி வாயைத் திறந்தாள். அதற்குள் சிவகலாவே பதில் சொல்லிவிட்டாள். ஓடி ஒளிந்த சொற்கள் மலையில் எப்படியோ திரும்பி வந்திருந்தன.

"இது எங்கள் வீட்டு விரிப்பு," என்றாள். "நாளைக்கு எங்கள் வீட்டில் ஞானஸ்நானம். வெளுக்க வைக்கிறோம்."

யாதவி திடுக்கிட்டு நீடெக்கர் அம்மாவைப் பார்த்தாள். அவர் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். திருத்தவில்லை.

பின்னேரம் மலைக்குப் பின்னால் வெயில் இறங்கும்போது விரிப்பு பனியில் எங்கே முடிகிறது என்று தெரியாத வெள்ளையாக இருந்தது. நீடெக்கர் அம்மா கையுறையைக் கழற்றி அதைத் தடவினார். "எங்கே போனது?" என்றார். "அந்த மஞ்சள் எங்கேதான் போனது?" சிவகலா நெஞ்சை நிமிர்த்தி வானத்தைக் காட்டினாள். அந்த நிமிடம் அவளுக்கு இருந்த பெருமையில் மலை ரயில் இல்லாமலே இறங்கிப் போயிருப்பாள்.

பாரங்களைத் தூக்கியபோதுதான் பார்த்தார்கள். பையும் பிளாஸ்க்கும் போத்தலும் சப்பாத்தும் இருந்த இடத்தில் வெயில் படவில்லை. நாலு மூலையிலும் நாலு மஞ்சள்.

சிவகலாவுக்கு முகம் செத்துவிட்டது. பகல் முழுக்கத் தண்ணீர் தெளித்தவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது! கடிகார முள்ளை மயிரிழை பிசகாமல் வைக்கிறவள், பாரத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைக்க மறந்துபோனாள். வெயில் போய்விட்டது. நாளை ஞாயிறு, காலையிலேயே ஞானஸ்நானம்.

"சொல்லு, பிள்ளை," என்றாள். "என்ர பிழைதான் எண்டு சொல்லு. திங்கட்கிழமை திரும்பக் கொண்டுவந்து..."

யாதவி சொல்லவில்லை. அவள் குனிந்து ஒரு மூலையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு குளிர்ச்சட்டையின் பொத்தானைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த பொங்கல் சட்டையின் கீழ்மூலையை இழுத்து அதன் பக்கத்தில் பிடித்தாள். அதே மஞ்சள். அவள் நீடெக்கர் அம்மாவிடம் வேகமாக ஏதோ சொன்னாள். தாய்க்குப் பாதி விளங்கியது. எங்களிடம் புதுத்துணிக்கு மூலையில் மஞ்சள் வைக்காமல் உடுப்பதில்லை என்றாள். நல்லது நடக்கட்டும் என்று வைப்பது, அம்மாதான் வைப்பார் என்றாள். மஞ்சள் பொட்டுக்காக அழுத அதே பிள்ளை!

நீடெக்கர் அம்மா சட்டையைப் பார்த்தார், விரிப்பைப் பார்த்தார், சிவகலாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு விரிப்பின் இரண்டு மூலைகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் பிடிக்கும்படி சிவகலாவுக்குத் தலையை ஆட்டினார். இருவரும் இழுத்து உதறி மடித்தார்கள். இரவு இஸ்திரிப் பெட்டியால் மினுக்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னார். கீழே வந்து சேர்ந்தபோது சாவியைப் பற்றி அவரும் பேசவில்லை, சிவகலாவும் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் அவள் இல்லை.

ஞாயிறு மத்தியானம் தமிழர் மண்டபத்தில் பொங்கல் விழா. சிவகலா மாம்பழ நிறப் பட்டுச்சேலையைக் கட்டி, பனிக்குத் தோதாகச் சப்பாத்தையும் மாட்டி, கறுப்புக் குளிர்ச்சட்டையைப் பொத்தான் போடாமல் மேலே போட்டுக்கொண்டு படியிறங்கினாள். பின்னால் யேசுதாசனும் யாதவியும். கீழ்வீட்டுக் கதவு விருந்தாளிகளுக்காக அகலத் திறந்திருந்தது. மேசையில் அந்த விரிப்பு, வெள்ளைவெளேர் என்று. தலைவாசலுக்கு நேராக ஒரு மூலை தொங்கியது. மறைக்கவில்லை. தொட்டில் துணிக்குள் பேரன் நித்திரை.

குண்டான ஒரு பெண், நீடெக்கர் அம்மாவின் நாத்தனாராக இருக்க வேண்டும், அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது என்ன, கறையா?"

படியில் சிவகலாவின் கால் நின்றுவிட்டது.

"கறை இல்லை," என்றார் நீடெக்கர் அம்மா. தபாற்கந்தோரில் வரிசை பிழைத்து நின்றவர்களுக்குச் சொல்லும் குரலாக இருக்க வேண்டும் அது. "அதை மேலே மலையில் வைத்தோம். நல்லது நடக்க வைப்பது. எங்கள் வீட்டில் இப்படித்தான்."

இதை மொழிபெயர்க்க யாதவி தேவைப்படவில்லை. ஒவ்வொரு சொல்லும் சிவகலாவுக்கு விளங்கியது.

நீடெக்கர் அம்மா அப்போதுதான் அவளைக் கண்டார். சேலையைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். ஒரு நிமிடம் நிற்கச் சொல்லிக் கைகாட்டிவிட்டு உள்ளே போய்த் திரும்பி வந்து, எல்லார் முன்னாலும் சலவையறையின் மாற்றுச் சாவியை அவள் கையில் வைத்தார்.

"புதன்கிழமை உங்களுடையது," என்றார். "ரப்பருக்குள்ளேயும் பாருங்கள்."

"பார்ப்பேன்," என்றாள் சிவகலா.

வெளியே மூடுபனி பழையபடி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. பேருந்துத் தரிப்பிடத்துக்கு நடக்கும்போது யேசுதாசன் எட்டி வந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"கழுத்தைக் கொஞ்சம் இறக்கு, கலா. சுளுக்கப் போகுது."

"எனக்கு ஒண்டும் சுளுக்காது. நீங்கள் உங்கட சப்பாத்தைப் பார்த்து நடவுங்கோ."

"இண்டைக்கு ஞாயிறு. புதனுக்குத்தானே சாவி வேணும், வீட்டில வைச்சிட்டு வந்திருக்கலாம். தா, என்ர பொக்கற்றில போடுறன்."

அவள் கொடுக்கவில்லை. கைப்பையிலும் போடவில்லை. குளிர்ச்சட்டையை விலக்கி, சாவியின் தலை வெளியே தெரியும்படி சேலை இடுப்பில் சொருகிக்கொண்டாள். மண்டபத்தில் பொங்கல் பரிமாறி முடியும்வரை, வெக்கையாக இருக்கிறது என்று சொல்லிக் குளிர்ச்சட்டையைக் கழற்றியே வைத்திருந்தாள்.